நைனாவுக்கு நடையா, டி.வி. விளையாட்டா? (வேலூர், வயது 72)

கொசப்பேட்டை தையல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது முதல் தடவை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் துணியைத்தான் கத்தரிக்க வரும்.

என் நைனாவுக்கு 72 வயது. பஸ் கண்டக்டராக இருந்து 2011-ல் ஓய்வு பெற்றவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பட்டுக்கோட்டை அழகிரி பெயர். வேலூர் - திருப்பத்தூர் ரூட்டில்தான் பாதி ஆயுசு. டிக்கெட் மெஷின் வராத காலம் அது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக் கூட்டம் படிக்கட்டில் தொங்கும். "மூணு முழு, ஒரு அரை" என்று யாராவது ஐம்பது ரூபாயை நீட்டினால், டிக்கெட்டைக் கிழிக்கிற கை நிற்பதற்குள் மீதி எவ்வளவு என்று வாய் சொல்லிவிடும். சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பார். ஆனால் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று டிக்கெட்டைப் பார்க்காமலே ஆம்பூரில் இறங்கும்போது கொடுப்பார். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. சின்ன வயதில் லீவு நாளில் அவரோடு பஸ்ஸில் போய்ப் பார்த்தவள் நான்.

அம்மா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கப்புறம்தான் மாற்றம் தெரிகிறது. பால் அடுப்பில் இருப்பதை மறந்துவிடுகிறார். ஒரே கேள்வியைச் சாயந்திரத்துக்குள் மூன்று தடவை கேட்கிறார். போன மாதம் ரேஷன் கடையில் மீதிப் பணத்தை வாங்காமலே வந்துவிட்டார். நான் கேட்டதற்கு, "வாங்கினேனே" என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். அந்தக் கை தடவினதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

பெங்களூரில் இருக்கும் தம்பி இதைக் கேட்டுவிட்டு ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கி அனுப்பிவிட்டான். நின்டெண்டோ ஸ்விட்ச், அதோடு ரிங் ஃபிட் என்று ஒரு வளையம். வளையத்தைக் கையில் பிடித்து அமுக்க வேண்டும், தொடையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஓட வேண்டும், டி.வி.யில் ஒரு ஆள் ஓடுவான். "உடம்புக்கும் மூளைக்கும் சேர்த்து நல்லதுக்கா, ஆராய்ச்சியே இருக்கு" என்கிறான். நைனா வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, ஸ்டீரிங்கா? நான் கண்டக்டர்டா, டிரைவர் இல்ல" என்று திரும்பக் கொடுத்துவிட்டார்.

எனக்கு மூன்று சந்தேகம். ஒன்று, இந்த ஆராய்ச்சி உண்மையா, இல்லை பெட்டி விற்கிறவர்கள் சொல்வதா? இரண்டு, கோட்டைக்குள் காலையில் நடந்துவிட்டு வருவது போதாதா? மூன்று, மறதிக்கு என்று போனில் வரும் மூளைப் பயிற்சி ஆப் ஏதாவது நல்லதாக இருக்கிறதா? பணம் கட்டத் தயார்தான். ஆனால் தீபாவளி வரைக்கும் ஜாக்கெட் ஆர்டர் பார்த்துத்தான் கட்ட வேண்டும்.

---

காட்பாடி பிசியோ எழுதியது:

அக்கா, கேம் பெட்டியை அப்புறம் பார்க்கலாம். முதலில் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மறதிக்குப் பின்னால் சரிசெய்யக் கூடிய காரணம் எத்தனையோ இருக்கும். பி12 குறைவு, தைராய்டு, சோடியம் இறங்குவது, சர்க்கரை, தூக்கம் வரவைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரைகள் எல்லாம் வயதானவர்களைக் குழப்பும். மனைவி போன துக்கமும் மறதி மாதிரியே முகம் காட்டும். காது கேட்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள். சரியாகக் காதில் விழாததை யாராலும் நினைவில் வைக்க முடியாது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று யார் சொன்னாலும் இதையெல்லாம் பார்க்காமல் விடாதீர்கள்.

இனி உங்கள் முதல் சந்தேகம். ஆராய்ச்சி உண்மைதான். தம்பி எதைப் படித்தார் என்று தெரியாது, ஆனால் இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வு. நியூயார்க் மாநிலத்தில் முதியவர்கள் தனித்தனி வீடுகளில் வாழும் குடியிருப்புகள் எட்டில் நடத்தினார்கள். ஒரு பாதிப் பேருக்குச் சாதாரண உடற்பயிற்சி சைக்கிள். இன்னொரு பாதிக்கு அதே சைக்கிள், ஆனால் முன்னால் திரை. திரையில் சாலை வரும், வளைவு வரும், மற்ற சைக்கிள்களோடு போட்டி வரும். மூன்று மாதம். கடைசி வரை இருந்தவர்கள் 63 பேர்.

இரண்டு பக்கமும் மிதித்த உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மூளைச் சோதனையில் திரைக்காரர்கள் முன்னால் வந்தார்கள். மூளையில் நரம்பு செல்களுக்கு உரம் மாதிரி வேலை செய்யும் பி.டி.என்.எஃப். என்ற புரதமும் அவர்களுக்குத்தான் கூடுதலாக ஏறியிருந்தது. அவர்கள் முன்னேறியது எதில் என்பதைக் கவனியுங்கள். பெயர் மறப்பது, சாவி மறப்பது மாதிரி நினைவாற்றலில் இல்லை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனசை மாற்றுவது, வேண்டாததை ஒதுக்குவது, அடுத்தது என்ன என்று முடிவெடுப்பது போன்ற திறன்களில். உங்கள் நைனா நெரிசல் பஸ்ஸில் செய்தாரே, அதுதான். டிக்கெட், சில்லறை, விசில், அடுத்த ஸ்டேஜ், இன்வாய்ஸ் என்கிற டிக்கெட் கணக்குத் தாள் எல்லாம் ஒரே நேரத்தில். சோதனையில் ஒன்று, இரண்டு நிற வட்டங்களில் இருக்கும் எண்களை நிறம் மாற்றி மாற்றி வரிசையாகக் கோடு போட்டு இணைப்பது. ஏ, பி, சி தெரிய வேண்டிய அவசியம் இல்லாத சோதனை.

63 பேர் என்பது சின்னக் கூட்டம்தான். இதை வைத்து மறதி நோயே வராது என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள்.

நடை போதாதா என்று கேட்டிருந்தீர்கள். நடையைக் குறைவாக நினைக்காதீர்கள். 2011-ல் வந்த இன்னொரு ஆய்வில் 120 முதியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வாரம் மூன்று நாள் வேக நடை, 40 நிமிஷம் வரை. மற்றதுக்கு உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருஷம் கழித்து ஸ்கேனில் பார்த்தால், நடந்தவர்களின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றவர்களுக்கு அது கொஞ்சம் சுருங்கியிருந்தது. பெட்டி இல்லை, கரண்ட் இல்லை, வெறும் கால்.

என் அபிப்பிராயம் கேட்டால், இரண்டையும் கலக்கலாம். நடக்கும்போது மூளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். 1997-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் ஒரு எளிய விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடும் முதியவர்கள்தான் அடுத்த ஆறு மாதத்தில் அதிகம் விழுந்தார்கள். நடப்பதற்கே மூளை முழுசும் செலவாகிவிடுகிறது, பேச மீதி இல்லை என்று அர்த்தம். நாளைக்குக் காலையில் நைனாவிடம் நடக்கும்போது ஏதாவது கேட்டுப் பாருங்கள். நிற்கிறாரா, நடந்துகொண்டே பதில் சொல்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.

வளையத்தைத் தூக்கிப் போட வேண்டாம். ஆனால் நின்ற இடத்தில் ஓடுவது இப்போதைக்கு வேண்டாம், முட்டி என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியாது. வளையத்தை அமுக்கும்போது மூச்சை அடக்குவார்கள், பிரஷர் இருந்தால் அது ஆகாது. உட்கார்ந்தபடி ஆரம்பிக்கலாம்.

---

எலக்ட்ரானிக் சிட்டி ராத்திரி ஷிப்ட் எழுதியது:

ஆப் பற்றி மட்டும் சொல்கிறேன். என் அப்பாவுக்காக ஒரு மூளைப் பயிற்சி ஆப் போட்டேன், பெயர் வேண்டாம். முதல் வாரம் இலவசம். எட்டாம் நாள் ஒரு வருஷப் பணத்தையும் கார்டில் எடுத்துவிட்டார்கள், திருப்பி வாங்க முடியவில்லை. அப்பா அதில் பழம் பொறுக்குவதில் கில்லாடி ஆனார். மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மட்டும் கடைசி வரை நினைவுக்கு வரவில்லை.

அதில்தான் விஷயம் இருக்கிறது. எதைப் பழகுகிறோமோ அதில்தான் கை தேறும், மற்றதுக்கு அது தானாகப் பரவாது. 2016-ல் அமெரிக்க அரசின் வர்த்தகக் கண்காணிப்பு ஆணையம் லுமோசிட்டி ஆப்பின் விளம்பரத்தில் ஆதாரம் இல்லாத வாக்குறுதி இருக்கிறது என்று சொல்லி, அந்தக் கம்பெனியை 20 லட்சம் டாலர் கட்டவைத்தது. வயதானால் வரும் மறதியைத் தள்ளிப்போடும் என்றெல்லாம் விற்றிருந்தார்கள்.

நியாயத்துக்கு மறுபக்கமும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் நியூரோரேசர் என்று ஆராய்ச்சிக்காகவே ஒரு கேம் செய்தார்கள். வளைந்த சாலையில் கார் ஓட்டிக்கொண்டே, குறிப்பிட்ட அடையாளம் வந்தால் மட்டும் பட்டனை அமுக்க வேண்டும். 60 முதல் 85 வயது வரை உள்ளவர்கள், ஒரு மாதத்தில் மொத்தம் 12 மணி நேரம். பயிற்சி இல்லாத 20 வயதுப் பிள்ளைகளையே அந்த கேமில் தாண்டிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்தும் அந்தத் திறன் போகவில்லை. 2013-ல் நேச்சர் இதழ் அட்டையிலேயே போட்டது. ஆனால் அது ஆராய்ச்சிக் கூடத்தில் பார்த்துப் பார்த்துச் செய்தது. கடையில் விற்பதெல்லாம் அது ஆகிவிடாது.

பணத்தை மிச்சம் பிடியுங்கள் அக்கா.

---

குடியாத்தம்காரன் எழுதியது:

எங்கள் வீட்டு அனுபவம். மாமியாருக்கு 68. பேரன் பழைய கேம் பெட்டியில் குத்துச்சண்டை போட்டுக் கொடுத்தான். கிழவிக்கு ஒரே குஷி. மருமகன் முகத்தை நினைத்துக்கொண்டு குத்தினார்களோ என்னவோ, அவ்வளவு வேகம். மூன்றாம் நாள் பாயின் ஓரம் தடுக்கி, டீப்பாயில் மணிக்கட்டு மோதி எலும்பு விட்டுப்போனது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

தப்பு கேமில் இல்லை, எங்கள் பேரில்தான். திரையையே பார்க்கிறவர்கள் காலைப் பார்க்க மாட்டார்கள். பாய், மிதியடி, ஒயர் எல்லாவற்றையும் எடுங்கள். பின்னால் கை வைத்த கனமான நாற்காலி ஒன்று இருக்கட்டும், பிளாஸ்டிக் சேர் கூடாது, சாய்ந்தால் அதுவும் சேர்ந்து வரும். முக்கியமாக, தனியாக ஆடவிடாதீர்கள்.

கட்டு பிரித்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் குத்து விளையாட்டு எங்கடா?" என்பதுதான். இப்போது பந்து உருட்டும் பவுலிங் மட்டும் அனுமதி. பக்கத்து வீட்டு அம்மாவும் வருவார்கள். தினமும் அரை மணி, அதில் கால் மணி சண்டை.

---

கொசப்பேட்டை தையல் எழுதியது:

காட்பாடி தம்பிக்கு ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன மாதிரி நடக்கும்போது கேட்டுப் பார்த்தேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலைத் தாண்டிப் போகும்போது, "நைனா, நேத்து ராத்திரி இன்னா சாப்பிட்டோம்?" என்றேன். நின்றுவிட்டார். யோசித்து, "தோசை" என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் நடந்தார். ஐந்து தடவை கேட்டேன், ஐந்து தடவையும் நின்றார். வயிற்றைப் பிசைந்தது.

டாக்டரிடமும் போய் வந்தாயிற்று. பி12 குறைவாம், ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். இடது காது பாதிக்கு மேல் கேட்கவில்லை. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டதில் பாதி, நான் மெஷினில் தைத்துக்கொண்டே சொன்ன பதில் அவருக்கு விழாததால். இத்தனை நாளும் நான்தான் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அங்கே நடந்த ஒரு கூத்தையும் சொல்ல வேண்டும். டாக்டர் அம்மா மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். நடுவில் 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். எல்லாரும் ஐந்து தடவை கழித்தால் போதுமாம். நைனா 93, 86, 79 என்று ஆரம்பித்தவர் அந்த அம்மா போதும் போதும் என்றும் நிறுத்தவில்லை, 9, 2 வரைக்கும் வந்து, "அதுக்குக் கீழ கடன்தான்" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அப்புறம் அந்த மூன்று வார்த்தையைக் கேட்டார். ஒன்றுதான் வந்தது. மற்ற இரண்டுக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார்.

இது எப்படி? கணக்கு இவ்வளவு சுத்தமாக இருக்கும்போது மறதி எப்படி வரும்? மறதி நோய் என்று இப்போது சொல்ல முடியாது, ஊசி முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார்கள்.

---

வாலாஜா கணக்கு டீச்சர் எழுதியது:

அம்மா, நான் இதை வெளியிலிருந்து எழுதவில்லை, உள்ளிருந்து எழுதுகிறேன். எனக்கு 74. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள். பதினேழாம் வாய்ப்பாடு இன்றைக்கும் தூக்கத்தில் கேட்டால் சொல்வேன். நேற்று மாத்திரை போட்டேனா என்று கேட்டால் டப்பாவைத் திறந்து எண்ணித்தான் சொல்வேன். இரண்டும் வேறு வேறு பெட்டி. முதலாவது, கால் தேய்ந்த ஒற்றையடிப் பாதை மாதிரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் மாடு வீட்டுக்கு வந்துவிடும். இரண்டாவது, புதுசாக வெட்ட வேண்டிய பாதை. வயதானால் வெட்டுகிற கைதான் தளர்கிறது.

அதனால் உங்கள் நைனாவுக்கு டிக்கெட் கணக்கு கொடுத்தால் அவர் சந்தோஷப்படுவார். அது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது அவருக்கு வேலையே இல்லை. அதில் ஒரு கோணலைச் சேருங்கள். ஸ்டேஜ் பெயர்களைத் திருப்பத்தூரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று விட்டு ஒன்று. அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஏறினார்கள், இறங்கினார்கள் என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வர, கடைசியில் பஸ்ஸில் எத்தனை பேர் என்று அவர் சொல்ல வேண்டும். எல்லாம் நடந்துகொண்டே. சுலபமாகிவிட்டால் மாற்றுங்கள். தப்பே வராத கணக்கைப் பிள்ளைகளுக்கு நான் இரண்டாம் தடவை போட்டதில்லை.

இன்னொன்று. நம் கிழவர்களுக்கு விளையாட்டு புதுசா என்ன? தாயம் இருக்கிறது. உருட்டியதை எந்தக் காயில் வைப்பது, யாரை வெட்டுவது, யாரை விடுவது என்று கணக்குப் பார்க்க வேண்டும். பல்லாங்குழியில் பதினான்கு குழியிலும் எத்தனை முத்து என்று கண் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடு புலி ஆட்டத்தில் மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு ஆட்டைத் தப்பாக வைத்தால் ஆட்டமே போச்சு. இதெல்லாம் உட்கார்ந்து ஆடுவது என்பது ஒன்றுதான் குறை. நான் என்ன செய்கிறேன் என்றால், தாயக் கட்டத்தை மொட்டை மாடியில் சாக்பீஸால் பெரிசாகப் போட்டு, காய்க்குப் பதில் நாங்களே கட்டத்தில் நடக்கிறோம். நான், என் ஓரகத்தி, கீழ் வீட்டு இரண்டு பேர். ஆளுக்கு ஒரு காய்தான். வெட்டுப்பட்டால் ஆரம்பத்துக்கு நடந்து போக வேண்டும். சைக்கிளும் திரையும் வைத்து அமெரிக்காவில் செய்ததை நாங்கள் சாக்பீஸில் செய்கிறோம் என்று சொன்னால் காட்பாடி தம்பி சண்டைக்கு வருவார். வரட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் யாராவது இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. பெயர் எழுதத் தெரியாத கிழவியிடம் காகிதத்தைக் கொடுத்து எழுதச் சொல்லிவிட்டு, மூளை மங்கிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. 10/66 என்று ஒரு உலக ஆய்வுக் குழு உண்டு. மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். படிக்காதவர்களுக்கும் பொருந்தும்படி சோதனையை அமைத்தார்கள். அவர்கள் வேலை செய்த இடங்களில் நம் வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களும் உண்டு.

---

காட்பாடி பிசியோ எழுதியது:

டீச்சர், சண்டைக்கு வரவில்லை, சாக்பீஸ் வாங்க வருகிறேன். ஒன்று மட்டும், மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் உயரமாக இருக்கிறதா? வேலூர் வெயிலில் பத்து மணிக்கு மேல் மாடிக்குப் போகாதீர்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கிற பயிற்சி என்பதுதான் 65-க்கு மேல் உள்ளவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது. உங்கள் தாயத்தில் இரண்டுமே ஓரளவு வந்துவிடும்.

---

கொசப்பேட்டை தையல் எழுதியது:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன். ஆவணி முகூர்த்தம், மூச்சு விட நேரமில்லை.

கேம் பெட்டிக் கதை முதலில். தம்பி குடும்பத்தோடு வந்து பத்து நாள் இருந்தான். அவன் பையனுக்கு ஒன்பது வயது. தாத்தாவும் பேரனும் பவுலிங் ஆடினார்கள், நைனா பிளாஸ்டிக் சேர் இல்லாமல் மர நாற்காலி பக்கத்தில் நின்று. குடியாத்தம் சாருக்கு நன்றி. முதல் நாள் ஒன்றும் புரியவில்லை, பட்டனை எப்போது விடுவது என்று பையன் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தான். நாலாம் நாள் பையன் தோற்று அழுதான். "அழாத கண்ணு, தாத்தா சும்மா உருட்டினேன்" என்கிறார். அவர் சும்மா உருட்டவில்லை, ராத்திரி தனியாக எழுந்து பழகினதை நான் பார்த்தேன். அவர்கள் பெங்களூர் போனதும் பெட்டியைத் தொடவில்லை. நான் கூப்பிட்டேன், வரவில்லை. ஜாக்கெட் துணி மூட்டை அதன் மேல் ஏறிவிட்டது.

நடை மட்டும் நிற்கவில்லை. காலையில் ஐந்தரைக்குக் கோட்டை. ஊசி வேலை செய்ததா, காதுக்கு மெஷின் வைத்ததா, நடையா, எது என்று எனக்குத் தெரியாது, எல்லாம் ஒன்றாகத்தான் நடந்தது. டீச்சர் அம்மா சொன்ன பஸ் கணக்கைப் போடுகிறோம். "வேலூர்ல முப்பது பேர். விரிஞ்சிபுரத்துல நாலு பேர் எறங்கி ஏழு பேர் ஏறினாங்க. பள்ளிகொண்டால பத்து எறங்கி மூணு ஏறிச்சு. மாதனூர்ல..." என்று நான் சொல்லிக்கொண்டே வருவேன். முதல் வாரம் ஒவ்வொரு ஊருக்கும் நைனா நின்றார், பஸ் மாதிரி. இப்போது ஆம்பூர் வரைக்கும் நிற்காமல் வருகிறார். வாணியம்பாடி தாண்டினால் நிற்கிறார். பின்னோக்கிச் சொல்வதில் மாதனூரை மட்டும் விட்டுவிடுவார், ஏன் அந்த ஒரு ஊர் என்று தெரியவில்லை. கேட்டால், "அங்க எப்பவும் ஆளே ஏறாது" என்று சமாளிக்கிறார்.

எங்கள் பின்னால் நடக்கிற இரண்டு பெரியவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு, இப்போது அவர்களும் எண்ணுகிறார்கள். ஒருவர் பென்ஷன் வாங்குகிற தலைமைக் காவலர். போன வியாழக்கிழமை அவர் 33 என்றார், நைனா 31 என்றார். நான் எண்ணிய கணக்கு எனக்கே மறந்துவிட்டது. பெரியார் பூங்கா வரைக்கும் சண்டை.

நன்றாகிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். போன ஞாயிறு மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, டேங்க் வழிந்து, கீழ் வீட்டம்மா வந்து கத்திவிட்டுப் போனார். அம்மா பெயரைச் சொல்லி ஒரு நாள் காபி கேட்டார். அப்புறம் அவரே சுதாரித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். அதே வாரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்காரருக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்தபோது, கட்டிலில் படுத்திருந்தவர், "ஒம்போது ஜாக்கெட்டு, ரெண்டுக்கு லைனிங். எண்பது ரூவா கம்மியா வாங்கிட்ட" என்றார். சரியாக எண்பதுதான்.

டீச்சர் அம்மாவின் மாடித் தாயத்தையும் ஆரம்பிக்கலாம் என்று கோட்டைப் பெரியவர்கள் இருவரும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டு மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம் இருக்கிறது. உருட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. பழைய மாதிரி நீளமான பித்தளைத் தாயக்கட்டை வேலூரில் எங்கே கிடைக்கும்?

---

குடியாத்தம்காரன் எழுதியது:

லாங் பஜார் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஜோடியாகக் கேளுங்கள், ஒற்றையாகக் கொடுத்துவிடுவார்கள். நைனாவையும் கூட்டிப் போங்கள், மீதிச் சில்லறையை அவர் எண்ணி வாங்கட்டும்.